ஜனாதிபதிக்குப் பக்கத்தில் நிற்பவர்

முதல் நாள் அவர் எங்கள் கதவைத் தட்டியபோது அக்காதான் திறந்தார். அக்கா கதவைத் திறந்தால் வந்தவர்கள் அக்காவோடு கதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது பலருக்குத் தெரியாது. அது எனக்கும் வசதி. அன்றைக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை.

"தங்கச்சி, உங்கட வீட்டில ரெண்டாவது பிள்ளை ஒராள் இருக்கிறாவாம். அவவைக் கொஞ்சம் கூப்பிடுறியளே?"

"என்ன விசயம் அன்ரி? என்னட்டைச் சொல்லலாம்தானே."

"உங்களிட்டைச் சொன்னால் செய்வியள். ஆனா உங்களுக்கு நேரம் இராது. அவவைக் கூப்பிடுங்கோ."

நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து பார்த்தால், வாசலில் ஒரு குள்ளமான அம்மா. குளிர்காலக் கோட்டுக்கு மேலே சால்வையைத் தலையோடு சேர்த்துக் குறுக்கே கட்டியிருந்தார். கையில் ஒரு ரெலிபோன் அட்டை. அந்தக் காலத்தில் ஊருக்குக் கதைக்க அப்படி அட்டை வாங்கிச் சுரண்டுவோம். அதில் வரும் இலக்கத்தைப் போனில் அடித்தால் ஒரு பெண் இங்கிலிசில் ஏதோ சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்டுச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அக்கா வங்கியில் வேலை செய்தார். ஊர்க்காரரின் கூட்டங்களில் மேடை ஏறிப் பேசுவார். என் இங்கிலிசு ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலிசு. நான் வேலை செய்த, பண் சுடுகிற பக்ரறியில் அது போதுமாக இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். "காணும், அது காணும்" என்றார். பிறகு கனடாவில் அந்த அப்பாட்மென்ற் கட்டடத்தில் நாங்கள் இருந்த காலம் முழுக்க அது காணுமாகத்தான் இருந்தது.

அவருடைய பெயரை எழுதவில்லை. இப்போது அவர் இருக்கிற இடத்தில் பெயர் வெளியே வருவது நல்லதோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அக்காவின் புருசன், என் அத்தான் மட்டும் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார். லிஃப்ற் கதவு திறந்து அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால், "இந்தா, உன்ர உப ஜனாதிபதி வாறா" என்பார்.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. அன்ரி எந்த இடத்துக்குப் போனாலும் முதலாம் ஆளிடம் போகமாட்டார். இரண்டாம் ஆள் யார் என்று பார்ப்பார். டொக்ரரிடம் போனால் டொக்ரர் கேட்பதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து நேர்ஸிடம் வருத்தத்தைச் சொல்வார். கட்டடத்தில் குழாய் ஒழுகினால் சுப்பரின்ரெண்டனைக் கூப்பிடாமல், அவருக்கு உதவியாக வாளி தூக்கிக்கொண்டு வருபவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். குழாய் சரியாகிவிடும். பிறகு அன்ரியும் எங்கள் பக்ரறியில் சேர்ந்தார். அங்கேயும் சுப்பர்வைசரின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. சுப்பர்வைசர் லீவில் நிற்கும் நாட்களில் அவருடைய இடத்தில் நிற்கும் பெண்ணோடுதான் எல்லாக் கதையும்.

"முதலாம் ஆளுக்கு எங்களைத் தெரியாது பிள்ளை. தெரியவும் தேவையில்லை. ரெண்டாம் ஆள் சும்மா பக்கத்தில நிக்கிறவர். அவருக்குக் காது இருக்கும்."

இதனால் எனக்கு நன்மை மட்டும் கிடைத்தது என்று சொல்லமுடியாது. அக்கா ஒரு முறை எனக்கு ஒரு கலியாணப் பேச்சுக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை விட்பியில் சொந்த வீட்டில் இருந்தார். இரண்டு பக்கமும் சரிவந்து, மாப்பிள்ளையின் தாயோடு கடைசியாகக் கதைக்க வேண்டிய நேரத்தில், அன்ரி எனக்கு உதவி செய்வதாக நினைத்து மாப்பிள்ளையின் சித்தியை ஒரு கோயிலில் பிடித்துக் கதைத்துவிட்டார். தாய்க்கு அது தெரியவந்தது. "என்னைத் தாண்டி ஏன் அவளிட்டைப் போனவை?" என்று கேட்டாராம். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அக்கா வாசலில் வைத்தே ஏசினார்.

"அன்ரி, உங்களை ஆர் கேட்டது? இது என்ன கந்தோர் அலுவலே, கிளாக்கரைப் பிடிச்சு முடிக்க?"

"சித்திக்காரி நல்ல மனுசி, தங்கச்சி. தாய்க்காரி சரியில்லை. இவள் அங்க போய்க் கஷ்டப்பட்டிருப்பாள்."

"அதை நீங்களோ முடிவெடுக்கிறது?"

அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன். எனக்குக் கோபமா ஆறுதலா என்று அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. சில நாட்கள் அவர் வரவில்லை. பிறகு வந்தார். கையில் ரெலிபோன் அட்டை.

அந்த அட்டைகள் எல்லாம் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் சுரண்டப்பட்டன. அன்ரிக்கு ஒரு தம்பி. சண்டைக் காலத்தில் லொறி ஓட்டினவர். ஒரு நாள் அவருடைய லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் என்னவோ இருந்ததாகச் சொல்லிப் பிடித்தார்கள். ஏற்றினவர்கள் யாரென்று தனக்குத் தெரியாது என்று தம்பி சொன்னார். ஆயுள் தண்டனை கிடைத்தது. மேன்முறையீடும் தோற்றுப்போனது. அன்ரியின் புருசன் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலையில் எழும்பினால் அவருக்கு இருந்த ஒரே அலுவல் தம்பியை வெளியே எடுப்பது. மற்றதெல்லாம், பண் அடுக்குவது உட்பட, இடையில் செய்யும் வேலை.

இரண்டாம் ஆள் என்ற எண்ணமும் அந்தத் தம்பியால்தான் வந்தது. ஒரு முறை பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். தம்பியைப் பிடித்த நாட்களில் அவர் ஒவ்வொரு ஆமி முகாமாகப் போயிருக்கிறார். ஒரு முகாமில் பெரியவர் கதிரையில் இருந்தபடி, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த நாளும் அதே பதில். மூன்றாம் முறை போய்த் திரும்பும்போது, பெரியவருக்குப் பக்கத்தில் நின்ற இளம் ஆள் படலை வரைக்கும் கூடவே வந்து, யாரையும் பார்க்காமல், கொச்சைத் தமிழில் மெல்லச் சொன்னாராம்: "அம்மா, நாளைக்கு ஒரு சாரம் கொண்டு வாங்க."

"அவ்வளவுதான் பிள்ளை. சாரம் கொண்டுவா எண்டால் என்ன அர்த்தம்? ஆள் உயிரோட இருக்கு, இடுப்பில கட்ட ஒண்டு வேணும் எண்டு அர்த்தம். அண்டைக்கு அந்தப் பெடியன் அதைச் சொல்லாட்டி நான் செத்தவீடு செய்திருப்பன்."

பஸ் வந்தது. ஏறி இருந்த பிறகும் அவர் "ஒரு சாரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இந்த நாட்டுக் குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கும்போது அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கனடாவுக்கு ஜனாதிபதி யார் என்று கேட்டார்.

"இஞ்ச ஜனாதிபதி இல்லை அன்ரி. ராணிதான். ராணி லண்டனில இருக்கிறா. அவவுக்குப் பதிலா இஞ்ச ஒராளை வைச்சிருக்கினம். கவர்னர் ஜெனரல்."

அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"முதலாம் ஆள் இந்த நாட்டிலயே இல்லையோ?"

"இல்லை."

"ரெண்டாம் ஆள்தான் நடத்துறாரோ? அதுதான் எங்களை உள்ளுக்கு விட்டிருக்கினம்."

நடத்துவது பிரதமர் என்று சொல்லப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அந்தச் சந்தோசத்தோடேயே சோதனை எழுதிப் பாஸ் பண்ணினார்.

ஊரிலிருந்து ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வந்தபோது ஸ்காபரோவில் ஒரு பிளாசா மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்கா மேடையில் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எம்பியைச் சுற்றிக்கொண்டார்கள், படம் எடுக்க ஒரு பக்கம், மனுக் கொடுக்க ஒரு பக்கம். அன்ரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கோட்டுகள் தொங்கிய நடைவழியில், சுவரோடு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஒரு மெலிந்த மனிதர் கடதாசிக் கோப்பையில் றோல்ஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்கள் எம்பியோட வந்தவரோ?"

"ஓம் அம்மா. செயலாளர்."

"அப்ப நீங்கள்தான் எனக்கு வேணும். சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

அவர் சாப்பிடாமலேயே கேட்டார். பொறுமையான மனிதர். எல்லாம் கேட்டு முடித்ததும் கோப்பையை யன்னலில் வைத்தார்.

"அம்மா, கோட்டு வழக்கில இனி ஒண்டும் செய்யேலாது. பொதுமன்னிப்பு ஒண்டுதான் வழி. அது ஜனாதிபதியின்ர கையில மட்டுந்தான் இருக்கு."

"அவருக்கு அடுத்தவர்?"

"பிரதமர். அவரால ஏலாது."

"உப ஜனாதிபதி?"

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. "எங்கட நாட்டில அப்பிடி ஒரு கதிரை இல்லையம்மா. முந்தி அரசியல் சட்டத்தை மாத்திறதுக்குக் கதைக்கேக்க, உப ஜனாதிபதி எண்டு வைப்பம், சிறுபான்மை ஆக்களுக்குக் குடுப்பம் எண்டும் ஒரு கதை இருந்தது. கதையோட போச்சு."

"அமெரிக்காவில இருக்கே."

"அமெரிக்காவில இருக்கு. இந்தியாவில இருக்கு. மாலைதீவிலயும் இருக்கு."

"மாலைதீவிலயுமோ?"

"ஓம் அம்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கன நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே ஈரப் பனி. கடை விளக்குகள் கண்ணாடியில் ஒழுகிக்கொண்டிருந்தன.

"மாலைதீவு எவ்வளவு பெரிசு பிள்ளை?"

"சின்ன நாடு அன்ரி."

"எங்களை விடச் சின்னனோ?"

"ஓம். கனக்கச் சின்னன்."

"அங்கயும் ரெண்டாம் ஆள் இருக்கு" என்றார். 

அன்றைக்குப் பிறகுதான் அவர் உப ஜனாதிபதிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். எந்த நாட்டில் இருக்கிறார்கள், என்ன சம்பளம், எங்கே இருப்பார்கள், யாராவது அவர்களைப் போய்ப் பார்க்கலாமா. என்னால் முடிந்ததை அக்காவின் கொம்பியூட்டரில் பார்த்துச் சொன்னேன். எங்களிடம் இல்லாத ஒரு பண்டத்தைப் பற்றி அடுத்த வீட்டில் விசாரிப்பதுபோல் கேட்பார்.

அமெரிக்காவில் ஒரு புது ஜனாதிபதி பதவி ஏற்ற நாள் நாங்கள் மத்தியான இடைவேளையில் பக்ரறியின் சாப்பாட்டு அறையில் இருந்தோம். மைக்ரோவேவுக்கு வரிசை. மேலே ரிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அன்ரி மட்டும் சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியே, பாத்தியே! முதல்ல சத்தியம் செய்யிறது ரெண்டாம் ஆள்!"

உண்மைதான். உப ஜனாதிபதி கையைத் தூக்கிச் சத்தியம் செய்து முடித்து, ஒதுங்கிப் பின்னால் போய் நின்ற பிறகுதான் ஜனாதிபதியின் முறை வந்தது. அப்போது அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ரிவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓவனில் வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர், எப்போதும் பகிடி விடுகிறவர், கேட்டார்: "அன்ரி, உவருக்கு என்ன வேலை? மற்றவர் எப்ப மண்டையைப் போடுவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

"அப்பிடிச் சொல்லாதையும் தம்பி."

"பின்ன என்ன அன்ரி? சும்மா சம்பளம்."

"சும்மா இருக்கிறவருக்குத்தான் மற்றவையின்ர கதையைக் கேக்க நேரம் இருக்கும். உமக்கு மூண்டு பிள்ளையள் எல்லோ? மூத்தவன் சொல்லுறதைக் கேக்க உமக்கு நேரம் இருக்கோ?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் பிறகு அன்ரியோடு அந்தப் பகிடி விடவில்லை.

ஊரில் ஜனாதிபதிகள் மாறினார்கள். ஒவ்வொருவர் மாறும்போதும் எங்களுக்கு ஒரே வேலை. கொழும்பில் தம்பியின் வழக்கைப் பார்த்த பெரிய வழக்கறிஞரோடு அன்ரி ஒரு நாளும் கதைத்ததில்லை. அவருடைய ஜூனியரோடுதான் கதைப்பார். ஒரு முஸ்லிம் பெடியன். நாங்கள் கதைக்கத் தொடங்கும்போது அவனுக்குக் கலியாணம் ஆகவில்லை. பிறகு ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பின்னால் கத்துவது போனில் கேட்கும். அவனிடம் மன்னிப்புக் கேட்கும் மனு தயாராக இருந்தது. ஜனாதிபதி மாறினால் மேலே பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பான். கீழே இருந்த தம்பியின் வயதையும் மாற்றவேண்டும். அதை அவன் சில சமயம் மறந்துபோவான். அன்ரி ஞாபகப்படுத்துவார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் களைத்துப்போய்விட்டது. வேலையால் வந்து கால் நீட்டும் நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். அத்தான் தன் பகிடியைச் சொல்வார். அக்கா என்னைப் பார்ப்பார்: "உனக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரியாதே?" எனக்குத் தெரியாதுதான். போனைக் காதில் வைத்து, "தம்பி, அன்ரி கேக்கிறா…" என்று தொடங்குவேன். அந்தப் பக்கம் அவனும் களைத்துப்போய், "சொல்லுங்க அக்கா" என்பான். எங்கள் மூன்று பேரில் களைக்காதவர் அன்ரி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கதவை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். அன்ரி. லிஃப்ற்றுக்கு நில்லாமல் படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

"பிள்ளை, போட்டார்!"

"ஆர் அன்ரி?"

"ஜனாதிபதி. பிளேன் ஏறி ஓடிப்போட்டாராம்!"

உள்ளே அத்தான் ரிவியைப் போட்டிருந்தார். கொழும்பில் சனம் ஜனாதிபதியின் வீட்டுக்குள் புகுந்து, கட்டிலில் படுத்து, நீச்சல் குளத்தில் குதித்ததை நாங்கள் நாலைந்து நாட்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது வேறு செய்தி ஓடியது. பிரதமர் பதில் ஜனாதிபதி ஆகிவிட்டார்.

அத்தான் கதிரையில் இருந்தபடி கைதட்டினார். "அன்ரி, வாங்கோ, வாங்கோ! உங்கட ஆள் வந்திட்டார். ரெண்டாம் ஆள் கதிரையில!"

அன்ரி பகிடியாக எடுக்கவில்லை. என் போனைத் தேடினார்.

"அவனுக்கு எடு பிள்ளை. இப்பவே எடு. கதிரை இன்னும் சூடாகேல்ல. அதுக்குள்ள கேக்கவேணும்."

ஜூனியர் தம்பி எடுத்தான். பின்னால் தெருவில் பெரிய சத்தம்.

"அன்ரி, நான் மனுவை எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது? செயலகத்துக்குள்ள சனம் பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க."

"அப்ப அவையளிட்டைக் குடும்."

"யாரு, அந்த ஆக்களிட்டயா?"

"இப்ப அங்க இருக்கிறது அவைதானே தம்பி."

அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். எங்கள் வீட்டில் அன்ரியோடு சேர்ந்து எல்லோரும் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு அவன் குரல் இறங்கியது. "சரி அன்ரி. பதில் ஜனாதிபதி எண்டு மாத்தி அடிச்சு, ஏதாவது ஒரு வழியில சேர்க்கப் பாக்கிறன்."

"வயசையும் மாத்தும்."

அந்தக் கிழமை அன்ரி வேலைக்கு வரவில்லை. நான் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். ரிவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு எதிரே இருப்பார். பதில் ஜனாதிபதியின் முகம் வந்தால் முன்னுக்குச் சரிந்து பார்ப்பார். சோறு அடுப்பில் அப்படியே இருக்கும். "நல்லாப் பக்கத்தில நிண்டு பழகின மனுசன்" என்பார். "கேப்பார். கேக்கிற முகம்."

கிழமை முடிவதற்குள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பதில் ஜனாதிபதி என்பதில் இருந்த "பதில்" போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதை அவருடைய வீட்டில் இருந்து பார்த்தோம். அவர் எழும்பி ரிவியை நிற்பாட்டினார்.

"இவரும் முதலாம் ஆள் ஆகிப்போட்டார்" என்றார்.

அவருடைய கால் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தலையை மறைக்கிற சால்வையும் இல்லை. மயிர் கொட்டி மண்டை தெரிந்தது. எங்களில் களைக்காதவர் என்று நான் நினைத்திருந்தவர், எல்லோரையும்விட முன்பே களைத்துப்போயிருந்தார். காட்டாமல் இருந்திருக்கிறார். சோற்றைச் சூடாக்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்காமலேயே நான் ஜூனியர் தம்பிக்கு எடுக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு மேலே எந்தப் பெயரைப் போட்டோம், திரும்ப மாற்றினோமா என்பதெல்லாம் ஞாபகத்தில் குழம்பிக் கிடக்கிறது. ஒரு குளிர் காலையில் பஸ் தரிப்பில் நிற்கும்போது போன் அடித்தது. அவனிடம் இருந்தது என் இலக்கம்தான்.

"அக்கா, ஓடர் வந்துட்டுது. நாளைக்கு விடுறாங்க."

வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். நான் யாருடைய கதவையும் பலமாகத் தட்டினதில்லை. அன்றைக்கு அடித்தேன். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது.

"அன்ரி, விடுகினமாம். தம்பியை விடுகினமாம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன்.

"ஆர் கையெழுத்து வைச்சது?"

"ஜனாதிபதிதான் அன்ரி."

"அது தெரியும். அந்தத் தாளை ஆர் கொண்டுபோய் அவரின்ர மேசையில வைச்சது?"

அதை விசாரிக்கச் சொன்னார். விடவேயில்லை. நான் திரும்ப எடுத்துக் கேட்டேன். ஜூனியர் தம்பி சொன்னான், ஒரு பைல் எத்தனையோ கையால் போகும், அமைச்சு, சட்டமா அதிபர், செயலகம், யாரென்று சொல்ல முடியாது. அன்ரி போனை என்னிடமிருந்து வாங்கினார்.

"கடைசிக் கை ஆரின்ர தம்பி?"

"தெரியாது அன்ரி. பக்கத்தில நிக்கிற யாராவது ஒராளா இருக்கும்."

"பேர் தெரியாதோ?"

"தெரியாது அன்ரி."

தம்பியை, ஊரில் இருந்த அன்ரியின் தங்கைச்சி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனில் முகம் பார்த்துக் கதைத்தோம். தலை முழுக்க வெள்ளை. போனைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி கேட்டதற்கெல்லாம் "ஓம் அக்கா" என்றார். கடைசியில், "அக்கா, இனி ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேளாதேங்கோ" என்றார். அது ஒன்றுதான் அவராகச் சொன்னது.

தங்கைச்சி போனை வாங்கித் தள்ளிப் போய் மெல்லச் சொன்னார். "அக்கா, இவன் கதவுக்கு முன்னால போய் நிக்கிறான். கதவு பூட்டேல்ல, சும்மா சாத்தித்தான் இருக்கு. ஆராவது வந்து திறக்குமட்டும் அப்பிடியே நிக்கிறான். நான் வேலைக்குப் போறனான், என்ன செய்யிறது?"

 அன்ரி கேட்டுவிட்டு, "நான் வாறன்" என்றார். "கதவு திறந்துவிட ஒராள் வேணும்தானே."

அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இங்கே பென்சன் இருக்கு, டொக்ரர் இருக்கு, அங்கே இந்தக் காலோடு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அத்தான்கூட, "அன்ரி, நீங்கள் போனால் எனக்குப் பகிடி விட ஆர் இருக்கு?" என்றார். அன்ரி வீட்டைக் கொடுத்து, கதிரைகளை லொண்டரி அறையில் வைத்து யாரும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, ரிக்கற் போட்டார்.

போவதற்கு முன் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போகவேண்டும் என்றார். அத்தான் ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை, சனம். அர்ச்சனைச் சிட்டை வாங்கி வரிசையில் நின்றோம். பெரிய ஐயர் தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தார். அன்ரி பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு விட்டு நின்றார். பெரிய ஐயர் மற்றப் பக்கம் போய், உதவிக்கு நின்ற இளம் ஐயர் வந்த பிறகுதான் தட்டை நீட்டினார்.

"பேர், நட்சத்திரம்?"

"பேர் தெரியாது ஐயா."

"ஆருக்கம்மா அர்ச்சனை?"

"ஜனாதிபதிக்குப் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எந்த நாட்டு ஜனாதிபதிக்கு?"

"எங்கட நாட்டு."

"பேர் தெரியாட்டி சுவாமி பேருக்குச் செய்யலாம் அம்மா. கன பேர் அப்பிடித்தான் செய்யிறவை."

"சுவாமி முதலாம் ஆளெல்லோ ஐயா."

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்னால் வரிசை நெளிந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அன்ரி தட்டை அப்படியே நீட்டியபடி யோசித்தார். பிறகு திரும்பினார்.

"பிள்ளை, உன்ர நட்சத்திரம் என்ன?"

"எனக்கு ஏன் அன்ரி…"

"சொல்லு. ஐயர் நிக்கிறார்."

சொன்னேன். ஐயருக்குக் கேட்கவில்லை. பெயரோடு திரும்பச் சொன்னேன். ஐயர் தட்டை வாங்கி, என் பெயரையும் நட்சத்திரத்தையும் அந்தச் சனத்துக்குள் உரக்கச் சொன்னார். மணி அடித்தது. நாலு பக்கத்திலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கம்போல் நான் அன்ரிக்குப் பின்னால் ஒதுங்கப் போனேன். அவர் வீங்கிய காலை மெல்ல எடுத்து வைத்து, எனக்கு முன்னால் இருந்து விலகி நின்றார்.